ஷாக் ராக்: தலை உருளும் மேடையைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு ஷாக் ராக் பிடிக்கும் என்று தெரிந்தவர்கள் கேட்பது ஏறத்தாழ ஒரே கேள்விகள்தான். யூடியூபில் ஏதோ ஒரு பழைய ஷோவைப் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, "என்னப்பா இது, ஆளைத் தூக்குல போடுறாங்க?" என்று வருவார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன்.

ஷாக் ராக்னா என்ன? கத்திப் பாடுறதா, பயமுறுத்துறதா?

ராக் கச்சேரியை நாடகமாக நடத்துவது. அதுவும் பார்க்கிறவர் பதறிப்போகிற மாதிரியான நாடகமாக. சவப்பெட்டி, ரத்தம், தீ, பாம்பு, தூக்குமேடை, கோர முகமூடி எல்லாம் அதற்கான சாமான்கள்.

இது தனியாக ஓர் இசை வகை கிடையாது. ஸ்க்ரீமிங் ஜே ஹாக்கின்ஸ் பாடியது ரிதம் அண்ட் ப்ளூஸ், ஆலிஸ் கூப்பர் ஹார்ட் ராக், ப்ளாஸ்மாடிக்ஸ் பங்க். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பல பாட்டுகளில் பயப்பட ஒன்றுமே இருக்காது. ஆலிஸ் கூப்பரின் மிகப் பெரிய ஹிட்டான 'ஸ்கூல்ஸ் அவுட்', பள்ளிக்கூடம் லீவு விட்ட குஷியைப் பாடுகிற பாட்டு, அவ்வளவுதான்.

இதை முதல்ல யாரு ஆரம்பிச்சு வெச்சது?

ஒரே ஆளைக் காட்டச் சொன்னால் ஸ்க்ரீமிங் ஜே ஹாக்கின்ஸ். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் பிறந்த கறுப்பினப் பாடகர். 1956-ல் அவர் ஒரு மந்திரக்காரன் போல முனகி, உறுமி, அலறிப் பதிவு செய்த பாட்டு வானொலி நிலையங்களை முகம் சுளிக்க வைத்தது. அப்புறம் ஆலன் ஃப்ரீட் என்ற பிரபல வானொலி அறிவிப்பாளர் ஒரு யோசனை சொன்னார்: மேடையில் சவப்பெட்டிக்குள்ளிருந்து எழுந்து வந்து பாடு. ஹாக்கின்ஸுக்குத் துளியும் இஷ்டமில்லை. ஃப்ரீட் 300 டாலர் கொடுத்த பிறகுதான் பெட்டிக்குள் படுத்தார் என்பது ஹாக்கின்ஸ் சொன்ன கதை. நீள அங்கி, கோலின் நுனியில் செருகிய மண்டையோடு எல்லாம் அதோடு சேர்ந்துகொண்டன. அந்த மண்டையோட்டுக்கு ஹென்றி என்று பெயர், அதன் வாயில் சிகரெட் வேறு. ஆனால் ஓபரா பாடகராக வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. கடைசிவரை ஜனங்கள் அவரிடம் கேட்டது அந்தப் பெட்டியைத்தான். எனக்கு அவரை நினைத்தால் கொஞ்சம் பாவமாகவே இருக்கும்.

1960-களில் இங்கிலாந்தில் ஸ்க்ரீமிங் லார்ட் சட்ச் சவப்பெட்டியிலிருந்து எழுந்துவந்து, லண்டனின் பழைய தொடர் கொலையாளி ஜாக் த ரிப்பர் வேஷம் கட்டி ஆடினார். இதே சட்ச் பின்னாளில் 'அஃபிஷியல் மான்ஸ்டர் ரேவிங் லூனி பார்ட்டி' என்று ஒரு கேலிக் கட்சி தொடங்கித் தேர்தல் தேர்தலாகத் தோற்றார். 1968-ல் ஆர்தர் பிரவுன் தலையில் தீ எரியும் கவசத்தோடு, நரக நெருப்பின் கடவுள் தானே என்று அறிவித்துப் பாடிய பாட்டு பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அதற்கு முந்தைய ஆண்டு விண்ட்ஸர் விழாவில் எரிபொருள் வழிந்து அவர் தலையே பற்றிக்கொள்ள, பக்கத்திலிருந்தவர்கள் பீரை ஊற்றி அணைத்தார்கள்.

இவர்களுக்கெல்லாம் முன்னோடி என்று பாரிஸிலிருந்த 'கிராண்ட் கிக்னால்' அரங்கைச் சொல்லலாம். 1897 முதல் 1962 வரை கண்ணைத் தோண்டுவது, கழுத்தை அறுப்பது போன்ற காட்சிகளை மேடையிலேயே நடத்திக் காட்டிய நாடகக் கொட்டகை அது. ராக் இசை பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே இதற்கு டிக்கெட் வாங்க ஆள் இருந்தார்கள்.

ஆலிஸ் கூப்பர் பொம்பளப் பேராச்சே? அது அவரோட பேரா, பேண்ட் பேரா?

இரண்டும். 1948-ல் டெட்ராய்ட்டில் பிறந்தபோது வைத்த பெயர் வின்சென்ட் ஃபர்னியர். அப்பா கிறிஸ்தவ போதகர். குடும்பம் அரிசோனாவின் ஃபீனிக்ஸுக்குப் போன பிறகு பள்ளிக்கூட நண்பர்களோடு பேண்ட் தொடங்கினார். அந்தப் பேண்டுக்கு வைத்த பெயர்தான் ஆலிஸ் கூப்பர். கேக் செய்து தரும் பக்கத்து வீட்டுப் பாட்டி மாதிரி ஒரு பெயர், மேடையில் வந்து நிற்பதோ கண்ணுக்குக் கீழே கறுப்பு மை வழியும் தலைவிரி கோலம். அந்த முரண்தான் வேண்டியிருந்தது. பேண்ட் 1970-களின் நடுவில் பிரிந்தது. பெயரைச் சட்டப்படி தன் பெயராகவே மாற்றிக்கொண்டார் வின்சென்ட்.

அவர் மேடையில கோழியைக் கடிச்சு ரத்தம் குடிச்சாராமே?

இல்லை. நடந்தது 1969 செப்டம்பர் 13, டொரன்டோ, வார்ஸிட்டி ஸ்டேடியம். ஜான் லென்னன், சக் பெர்ரி, லிட்டில் ரிச்சர்ட் எல்லாம் பாடிய விழா. தலையணைகளைக் கிழித்து இறகைப் பறக்கவிட்டு ஆடிக்கொண்டிருந்தபோது மேடையில் ஒரு கோழி வந்து நின்றது. இறக்கை இருக்கிறதே, பறந்துவிடும் என்று நினைத்து அதைக் கூட்டத்துக்குள் தூக்கி எறிந்தார் ஆலிஸ். டெட்ராய்ட்டில் பிறந்து நகரத்திலேயே வளர்ந்தவர், கோழி எவ்வளவு தூரம் பறக்கும் என்று அவருக்கு எங்கே தெரியும்? அது கீழே விழுந்தது, கூட்டம் பிய்த்துப் போட்டது.

மறுநாள் பத்திரிகைகளில் 'தலையைக் கடித்தார், ரத்தம் குடித்தார்' என்று வந்துவிட்டது. அப்போது அவர்களுடைய இசைத்தட்டை வெளியிட்ட ஃப்ராங்க் ஸப்பா போன் போட்டுக் கேட்டாராம், "நிஜமா?" என்று. இல்லை என்றதும், "சரி, இல்லைன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாத" என்றாராம். ஷாக் ராக்கின் வியாபார ரகசியம் முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

கில்லட்டின்ல தலை வெட்டுறாரே, அது எப்படிப் பண்றாங்க?

ஆலிஸ் கூப்பர் ஷோவில் வரிசையாக மூன்று மரண தண்டனைகள் வந்தன. 1971-ல் மின்சார நாற்காலி, அடுத்து தூக்குமேடை, 1973-ல் கில்லட்டின். கில்லட்டினை வடிவமைத்தவர் ஜேம்ஸ் ராண்டி. பின்னாளில் மனசக்தியால் கரண்டி வளைப்பதாகச் சொல்கிறவர்களையும் போலிச் சித்தர்களையும் அம்பலப்படுத்திப் பெயர் வாங்கிய அதே மேஜிக் நிபுணர்தான். அந்தச் சுற்றுப்பயணத்தில் முகமூடி போட்டுத் தண்டனையை நிறைவேற்றுகிறவராக வந்து கத்தியை இறக்கியவரும் அவரே. ஒரு பாட்டில் பல் டாக்டராகவும் வருவார்.

கத்தி அட்டைக் கத்தி இல்லை. சுமார் 18 கிலோ என்றும், தன்னைச் சில அங்குல இடைவெளியில்தான் தாண்டிப்போகிறது என்றும் ஆலிஸ் சொல்லியிருக்கிறார். மற்றதெல்லாம் மேஜிக்காரர்களின் பழைய வித்தை: கத்தி விழும் கணத்தில் தலை கூட்டத்தின் பார்வையிலிருந்து மறைகிறது, தண்டனையை நிறைவேற்றுகிறவன் குனிந்து கூடையிலிருந்து ஆலிஸின் முகத்தை அச்சு எடுத்துச் செய்த பொம்மைத் தலையை முடியைப் பிடித்துத் தூக்குகிறான். நீங்கள் தலையைப் பார்ப்பதா, உடம்பைப் பார்ப்பதா என்று திண்டாடும் ஒரு வினாடி போதும்.

தூக்குமேடைதான் உண்மையில் ஆபத்தானது. உடைக்குள் வார்ப்பட்டை கட்டி, முதுகுப்பக்கம் மெல்லிய பியானோக் கம்பியில் அவரைத் தொங்கவிடுவார்கள். கழுத்துக் கயிறு இறுகுவதற்கு முன்பே கம்பி உடம்பைத் தாங்கிக்கொள்ளும். 1988-ல் லண்டனில் அந்தக் கம்பி அறுந்தது. பல ஷோக்களாக அதே கம்பியையே மாற்றாமல் ஓட்டியிருந்தார்கள். ஆலிஸ் சட்டென்று தலையைப் பின்னால் சாய்த்ததால் கயிறு மோவாயில் நழுவி வெளியே வந்துவிட்டது. கழுத்தில் தோல் உரிந்ததோடு போயிற்று.

ஏன் எப்பவும் அவரே சாகணும்?

கதையில் அவர்தான் வில்லன். பொம்மைக் குழந்தையைக் கோடரியால் வெட்டுகிறார், அதற்குத் தண்டனை கிடைக்கிறது. செத்த பிறகு வெள்ளை கோட், வெள்ளைத் தொப்பியோடு சிரித்துக்கொண்டு திரும்பி வந்து கடைசிப் பாட்டைப் பாடுகிறார், பலூன் பறக்கிறது. போதகர் வீட்டுப் பிள்ளை எழுதின கதை என்று எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றும். தப்புக்குத் தண்டனை, அதன்பின் உயிர்த்தெழுதல்!

அந்த ரத்தம் எதுல செய்றாங்க? நிஜ ரத்தமா?

பெரும்பாலும் இனிப்புப் பாகில் சிவப்பு உணவுக் கலர் போட்டது. சோளப் பாகு அமெரிக்க மேடைகளில் பழைய வழக்கம். கிஸ் பேண்டின் ஜீன் சிம்மன்ஸ் வாயிலிருந்து வழியவிட்டதும் வாயில் வைக்கக்கூடிய சாமான்களைக் கலந்ததுதான். நிஜ ரத்தம் கலந்த ஒரு கதை உண்டு: 1977-ல் மார்வெல் நிறுவனம் கிஸ் காமிக்ஸ் புத்தகம் போட்டபோது நான்கு பேரும் ரத்தம் எடுத்துக் கொடுத்து, அதை அச்சு மையில் கலந்தார்கள். நான்கு பேர் ரத்தம் மைத்தொட்டியில் எந்த மூலைக்கு? ஆனாலும் புத்தகம் விற்றது.

அளவில் யாரும் நெருங்க முடியாதவர்கள் குவார். 1984-ல் வர்ஜீனியாவின் ரிச்மண்டில், பால் புட்டி வடிவத்தில் கோபுரம் வைத்த ஒரு பழைய பால் கம்பெனிக் கட்டடத்தில் கூடிய கலைக்கல்லூரிக் கோஷ்டி. ஒரு படத்துக்காகச் செய்துவைத்திருந்த வேற்றுக்கிரக அரக்கர் உடைகளை எடுத்து மாட்டிக்கொண்டு, தங்கள் பங்க் பேண்டுக்கு முன்னால் விளையாட்டாக ஆடினார்கள். ஜனங்கள் அதைப் பார்த்துவிட்டு அசல் பேண்டுக்கு நிற்காமல் கிளம்பியதால் அதையே தொழிலாக்கிக்கொண்டார்கள். லேட்டக்ஸும் ஃபோமும் வெட்டி உடை தைப்பது எல்லாம் அவர்களே. மேடையில் அரசியல்வாதி பொம்மைகளின் தலை பறக்கும், கழுத்திலிருந்து குழாய் வழியாகக் கலர்த் தண்ணீர் முன்வரிசை முழுக்கப் பீய்ச்சும். ரசிகர்கள் வேண்டுமென்றே வெள்ளைப் பனியன் போட்டுக்கொண்டு போவார்கள், கறையோடு வீட்டுக்கு வர. ஹோலிக்குப் போகிற மாதிரிதான்.

சரி, கோழி பொய். ஆஸி வவ்வாலைக் கடிச்சதும் பொய்யா?

அது நிஜம். 1982 ஜனவரி 20, அயோவாவின் டெ மோயின் நகரம். அந்தச் சுற்றுப்பயணத்தில் ஹெவி மெட்டல் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் கூட்டத்தின் மேல் பச்சை மாமிசத்தை வீசுவார். வீசினால் திரும்பி வராதா? ஜனங்களும் கையில் கிடைத்ததைக் கொண்டுவந்து மேடைக்கு எறிய ஆரம்பித்தார்கள். ஒரு பையன் எறிந்தது வவ்வால். ரப்பர் பொம்மை என்று நினைத்து எடுத்துக் கடித்தார் ஆஸி. வாயில் வந்ததைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் வெறிநாய்க்கடிக்குப் போடுகிற ஊசி தொடர்ச்சியாகப் போட்டார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு இசைத்தட்டுக் கம்பெனிக் கூட்டமொன்றில் புறாவைக் கடித்தது வேறு விஷயம். அங்கே எந்தக் குழப்பமும் இல்லை, நல்ல போதையில் தெரிந்தே செய்தது. வவ்வாலுக்குச் சிரிக்கிற என்னால் புறாவுக்குச் சிரிக்க முடிவதில்லை.

இவங்கல்லாம் சாத்தானைக் கும்பிடுறவங்கதானே?

இந்தக் கேள்விக்குத்தான் எனக்கு அதிகம் அலுப்பு. கிஸ் என்பது 'சாத்தானின் சேவையில் வீரர்கள்' என்பதன் சுருக்கம் என்று அமெரிக்காவில் ஒரு வதந்தி பரவியது. வெறும் கட்டுக்கதை. ஆலிஸ் கூப்பர் 1980-களின் தொடக்கத்தில் குடியை விட்டார், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர், ஃபீனிக்ஸில் இளைஞர்களுக்காக ஓர் அறக்கட்டளை நடத்துகிறார். மற்ற நேரம் கோல்ஃப். 2006-ல் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் அரக்கர் முகமூடியோடு வந்த ஃபின்லாந்தின் லார்டி குழுவைச் சாத்தான் கோஷ்டி என்று சிலர் எதிர்த்தார்கள். அவர்கள் பாடியதோ 'ஹார்ட் ராக் அல்லேலூயா'. 292 புள்ளிகள் வாங்கி ஃபின்லாந்துக்கு முதல் வெற்றியைக் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய சொந்த ஊரான ரோவனியெமியில் இப்போது லார்டி பெயரில் ஒரு சதுக்கமே இருக்கிறது.

நார்வேயின் பிளாக் மெட்டல் என்ற இசைக்கூட்டம் வேறு கணக்கு. 1990-களின் தொடக்கத்தில் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த சிலர் நிஜமாகவே மரத் தேவாலயங்களைக் கொளுத்தினார்கள், கொலையும் நடந்தது. அதை ஷாக் ராக் கணக்கில் எழுதக்கூடாது. அது நேரடியான குற்றம்.

அரசாங்கம் யாரும் தடை பண்ணலையா?

முயற்சிக்குக் குறைவில்லை. பிரிட்டனில் மேரி வைட்ஹவுஸ் என்ற ஒழுக்கக் காவலர் 'ஸ்கூல்ஸ் அவுட்' பாட்டை பிபிசி காட்டக்கூடாது என்று இயக்கமே நடத்தினார். லியோ ஏப்ஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் 1973-ல் ஆலிஸ் கூப்பரை நாட்டுக்குள்ளேயே விடக்கூடாது என்றார். பாட்டு அதற்குள் முதலிடத்துக்குப் போய்விட்டிருந்தது. வைட்ஹவுஸுக்குப் பூங்கொத்தும் ஏப்ஸுக்குச் சுருட்டும் அனுப்பிவைத்ததாக ஆலிஸ் சொல்வார்.

அவருடைய மேனேஜர் ஷெப் கோர்டன் இந்த எதிர்ப்பைச் செதுக்கி எடுப்பதில் மன்னர். 1972-ல் லண்டன் வெம்ப்ளி ஷோவுக்கு டிக்கெட் போகவில்லை. உடம்பில் பாம்பு மட்டுமே சுற்றிய ஆலிஸின் நிர்வாணப் படத்தை லாரி நிறைய ஒட்டி, ஆபீஸ் விடுகிற நேரத்தில் பிக்காடிலி சர்க்கஸ் நட்டநடுவில் லாரியை 'ரிப்பேர்' ஆக வைத்தார். போக்குவரத்து ஸ்தம்பித்தது, படம் பத்திரிகைகளில் வந்தது, டிக்கெட் தீர்ந்தது.

அமெரிக்காவில் 1985-ல் செனட் விசாரணையே நடந்தது. பாட்டு வரிகளைப் பற்றிப் புகார் சொன்னவர்கள் அரசியல்வாதிகளின் மனைவிமார். எதிர்த்துப் பேச வந்தவர்களில் ட்விஸ்டட் சிஸ்டர் பேண்டின் டீ ஸ்னைடரும், மேலே கோழிக் கேள்வியில் வந்த ஸப்பாவும் உண்டு. விளைவு, இசைத்தட்டுகளில் ஒட்டும் எச்சரிக்கை ஸ்டிக்கர். எந்தத் தட்டை வாங்கவேண்டும் என்று பையன்களுக்கு அடையாளம் காட்டியது அந்த ஸ்டிக்கர்தான்.

எல்லாம் ஆம்பளைங்களாவே இருக்காங்களே?

வெண்டி ஓ. வில்லியம்ஸைப் பாருங்கள். நியூயார்க்கின் ப்ளாஸ்மாடிக்ஸ் பேண்டின் முன்னணிப் பாடகி. மரம் அறுக்கும் ரம்பத்தால் கிதாரை இரண்டாக அறுப்பார், மேடையில் காரை வெடிக்கவைப்பார். 1980-ல் நியூயார்க் படகுத்துறை ஒன்றில் வெடிமருந்து வைத்த மேடையை நோக்கி காடிலாக் காரை ஓட்டிப்போய், மோதுவதற்கு முன் வெளியே குதித்தார். டூப் கிடையாது.

1981 ஜனவரியில் மில்வாக்கியில் ஆபாசமாக ஆடினார் என்று கைது செய்த போலீஸார் அவரை அடித்ததில் முகத்தில் தையல் போடவேண்டிவந்தது. இதே பெண்மணி சைவ உணவுக்காரர், போதைப்பொருளைத் தொடாதவர். ஆலிஸின் கில்லட்டினைவிட வெண்டியின் கார்தான் எனக்கு அதிகம் வயிற்றைக் கலக்கும். அதில் மேஜிக் எதுவும் இல்லை. 1998-ல், 48 வயதில் இறந்துபோனார்.

இவ்வளவு தீ வெக்கிறாங்களே, விபத்தே நடக்காதா?

நடக்கும். ஜீன் சிம்மன்ஸ் மண்ணெண்ணெய் ஊதித் தீ கக்கும் வித்தையை 1973 டிசம்பர் 31 அன்று நியூயார்க்கில் காட்டியபோது அவர் முடியே பற்றிக்கொண்டது. ஜெர்மனியின் ராம்ஸ்டைன் பேண்ட் ஷோவில் 1996-ல் பெர்லினில் எரியும் மேடை அலங்காரம் இடிந்து விழுந்தது. அதற்குப் பிறகுதான் அவர்கள் தொழில்முறை ஆட்களை வைத்துக்கொண்டார்கள். பாடகர் டில் லிண்டமானே வாணவேடிக்கைக்கு முறையான உரிமம் எடுத்தார். இன்று அவர்கள் சக பேண்டுக்காரரைக் கொப்பரையில் வைத்துத் தீத்துப்பாக்கியால் 'வறுக்கும்'போது, யார் எங்கே நிற்கவேண்டும் என்பது அடிக்கணக்கில் தீர்மானமாகியிருக்கும்.

மிக மோசமான விபத்துகளில் ஒன்று ஷாக் ராக் மேடையில் நடந்ததே இல்லை. 2003 பிப்ரவரி 20, ரோட் ஐலண்டில் ஸ்டேஷன் என்ற சின்ன கிளப்பில் கிரேட் வைட் என்ற சாதாரண ஹார்ட் ராக் பேண்ட் பாடத் தொடங்கியபோது மத்தாப்பு கொளுத்தினார்கள். சுவரில் சத்தம் அடக்க ஒட்டியிருந்த ஃபோம் பிடித்துக்கொண்டது. 100 பேர் இறந்தார்கள். தாழ்ந்த கூரை, எரியக்கூடிய சுவர், ஒரே வாசலை நோக்கி ஓடிய கூட்டம். கோர வேஷத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அரங்கத்துக்குள் நுழைந்ததும் வெளியேறும் வழி எங்கே என்று பார்த்துவைப்பது மேல்.

இதையெல்லாம் பார்த்தா பசங்க கெட்டுப்போக மாட்டாங்களா? அமெரிக்காவுல ஸ்கூல்ல சுட்டது இதனாலதானே?

1999-ல் கொலம்பைன் பள்ளித் துப்பாக்கிச்சூடு நடந்ததும் பழி ஷாக் ராக் பாடகர் மர்லின் மேன்சன் மேல் விழுந்தது. சுட்ட இரண்டு பையன்களும் அவருடைய தீவிர ரசிகர்கள் என்ற செய்தி தவறு என்று பின்னர் தெரிந்தது. அதற்குள் அவர் தன் சுற்றுப்பயணத்தின் மீதி நிகழ்ச்சிகளை ரத்து செய்துவிட்டார். ஓர் ஊரே அழுதுகொண்டிருக்கும்போது கைகாட்ட முகத்தில் மை பூசின ஒருவன் வசதியாக இருந்தான்.

சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்றால், பேய்ப் படத்துக்கு என்ன வயது வைப்பீர்களோ அதையே இதற்கும் வையுங்கள். குவார் நிச்சயமாகப் பெரியவர்களுக்கு மட்டும்.

மேடையில வில்லன்னா, நிஜத்துலயும் அப்படித்தான் இருப்பாங்களா?

இதற்குச் சுலபமான பதில் இல்லை. ஆலிஸ் கூப்பர் தன் வேடத்தை 'அவன்' என்று மூன்றாம் ஆளாகவே பேசுவார். வேஷம் கலைந்தால் வேறு மனிதர். இன்னொரு கோடியில் பங்க் பாடகர் ஜி. ஜி. அல்லின். மேடையிலேயே தன்னைக் கிழித்துக்கொண்டார், பார்க்க வந்தவர்களை அடித்தார், 1993-ல் போதைப்பொருளால் இறந்தார். எனக்கு அவரிடம் கலை எதுவும் தெரியவில்லை. அடிபட ஒப்புக்கொள்ளாத ஒருவன் அடிபடும்போது அங்கே நாடகம் முடிந்துபோகிறது.

மேன்சன் விஷயம் இன்னும் சிக்கல். 2021-ல் நடிகை இவான் ரேச்சல் வுட் உட்படப் பல பெண்கள் அவர் மேல் பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டுகளைச் சொன்னார்கள். அவர் மறுத்தார். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் அரசு வழக்கறிஞர் அலுவலகம், சில புகார்கள் காலவரம்பைத் தாண்டிவிட்டன, மற்றதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று வழக்குத் தொடரவில்லை. கொலம்பைனில் அவர் மேல் விழுந்த பழி தவறு என்பதால் இந்தப் பெண்கள் சொல்வதும் அப்படியே இருக்கும் என்று சில ரசிகர்கள் வாதாடுவார்கள். ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தமே இல்லை.

இப்ப போன்லயே எல்லா கோரமும் பார்க்கிறோம். இன்னும் இதுல யாருக்கு ஷாக்?

பெரிதாக யாருக்கும் இல்லை. ஆலிஸ் கூப்பரே இதை ஒப்புக்கொண்டிருக்கிறார், செய்திச் சேனலோடு போட்டி போட முடியாது என்று. இருந்தாலும் எழுபது தாண்டியும் கில்லட்டினில் தலை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். தாத்தா, மகன், பேரன் என்று குடும்பமாக வந்து கைதட்டுகிறார்கள். ஸ்வீடனின் கோஸ்ட் குழு போப்பாண்டவர் வேஷத்தைத் தலைகீழாக்கி, அரங்கம் நிறைய ஆள் சேர்க்கிறது. பாட்டென்னவோ பழைய பாப் பாட்டு போல இனிமையாக இருக்கும். குவாரில் முக்கியப் பாடகர் டேவ் பிராக்கி 2014-ல் இறந்தும் மற்றவர்கள் நிறுத்தவில்லை. கிஸ் 2023 டிசம்பரில் நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் கடைசி ஷோவை முடித்த கையோடு, இனி எங்கள் இடத்தில் கணினி உருவங்கள் பாடும் என்று திரையில் காட்டினார்கள். எனக்கு ஷாக் அடித்தது அதுதான்.

எதுல இருந்து பார்க்க ஆரம்பிக்கலாம்?

1968-ன் ஆர்தர் பிரவுன் தொலைக்காட்சிப் பதிவு முதலில். கறுப்பு வெள்ளையில் தலை எரிய ஆடுவது, சில நிமிஷம்தான். அடுத்து ஆலிஸ் கூப்பரின் 1975 தொலைக்காட்சி நிகழ்ச்சி. பழைய பேய்ப்பட நடிகர் வின்சென்ட் பிரைஸ் அதில் வருகிறார், நாடகம் என்று நான் மேலே சொன்னதெல்லாம் அங்கே தெளிவாகத் தெரியும். பிடித்திருந்தால் ராம்ஸ்டைன் கச்சேரிப் பதிவு ஒன்றை நல்ல ஸ்பீக்கரில் போடுங்கள். குவாரைக் கடைசிக்கு வையுங்கள், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து.